ஹெரால்டு காருக்குள் முளைத்த குழாய்

“இந்த வீட்டுல நான் எத்தனாவது ஆளுன்னு ஒருக்காச் சொல்லிப்போடுங்க, நான் அதுக்குத் தக்கன இருந்துக்கறேன்” என்று ஜமுனா சொன்னதை, சொன்ன சூடு ஆறுவதற்குள் பால்காரர் எதிர்வீட்டு ஹேமலதா டீச்சரிடம் ஒரு சொல் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார், ஹேமலதா டீச்சர் மாடிவீட்டுக்காரர்களிடம் சேர்த்தாள், மாடிவீட்டுக்காரர்கள் மளிகைக்கடையில் சேர்த்தார்கள், ஆக சிங்காநல்லூர் மில் வீதி முழுக்க அன்று காலை இட்லியோடு சேர்த்து அந்த ஒரு வாக்கியத்தையும் மென்றுகொண்டிருந்தபோது, கேட்டிருக்க வேண்டிய ஆளான அவள் புருஷன் தேவசிகாமணி மட்டும் போர்டிகோவில் காருக்கடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, “ஜமுனா, அந்தச் சின்ன ஸ்பேனர இப்படித் தள்ளு” என்றார்.

அவள் தள்ளினாள். கொஞ்சம் வேகமாகத்தான் தள்ளினாள்.

கார் ஒரு ஹெரால்டு. இரண்டு கதவு, கேன்வாஸ் டாப்பு, பூசணிப்பூ மஞ்சள். ஜமுனா கல்யாணமாகி வருவதற்கு முன்பே இந்த வீட்டுக்கு வந்துவிட்டது, அந்தக் கணக்கில் பார்த்தால் அதுதான் மூத்தாள். அதற்கு வெயில் ஆகாது, மழை ஆகாது, வேறு யார் கதவைச் சாத்தினாலும் ஆகாது. ஜமுனா கான்வென்ட்டில் படித்தவள். முதுகை நேராக வைத்து உட்காரவும், ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்கவும், பிறத்தியார் பொருளைப் பார்த்துப் பொறாமைப்படாமல் இருக்கவும் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மூன்றாவது பாடம் நடந்த அன்று அவளுக்கு அம்மை போட்டிருந்தது போல.

அன்றைய சண்டை பின்சீட்டைப் பற்றியது. பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்று வருஷா வருஷம் கோத்தகிரி மலைக்கு ஊர்வலமாகப் போகும். டாப்பு திறக்கிற காரென்றால் உள்ளே ரோல் பார் போட்டுத்தான் வரவேண்டும் என்று இந்த வருஷம் சட்டம் போட்டுவிட்டார்கள். ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால், காரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு, தலைக்கு மேல் ஒரு சாண் உயரமாக வளைந்து நிற்கும் இரும்புக் குழாய். அதன் கால்கள் காரின் அடிச்சட்டமான சேஸிஸில் இறங்குகிற இடத்தில் பின்சீட்டு இருந்தது, ஆகவே பின்சீட்டைக் கழற்றி ஹாலில் கொண்டுவந்து போட்டிருந்தார். “இது இனி உனக்குத்தான். சோபாவாட்டம் போட்டுக்க” என்று ஏதோ பட்டுப்புடவை எடுத்துக்கொடுத்தவர் மாதிரி சொன்னார்.

“காருல இருந்து கழட்டினது எனக்கு, கார் உங்களுக்கு” என்றாள் ஜமுனா.

“டாப்பு இல்லாத கார் உருண்டா மொதல்ல தலைதான் தரையில படும், அம்மிணி. அதுக்குத்தான் இது.”

“உருளாம ஓட்டுங்கன்னு உங்க சங்கத்துல சட்டம் போடலியா?”

குழாயை வளைத்துக் கொடுத்தவன் குப்புராஜ், பக்கத்து வீதியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவன், வேலையைவிடப் பேச்சைக் கூடுதலாகச் செய்கிறவன். “சும்மா பைப்பு இல்லீங்க அக்கா. உள்ள மணல் ரொப்பி, காய்ச்சி, நோகாம வளைச்சது. யானை மிதிச்சாலும் ‘யாரது’ன்னு கேக்குமுங்க.”

“அப்ப யானைக்கே போட்டுவிட வேண்டியதுதான” என்றாள். குழாயைப் பொருத்துகிற வைபவத்தைப் பார்க்கப் பிடிக்காமல் பையை எடுத்துக்கொண்டு உடுமலையில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போல்ட்டு முறுக்குகிற சத்தம் கூடக் கேட்காத தூரம் அது.

குழாய் வளர ஆரம்பித்ததை முதலில் கண்டது அவள் நெற்றிதான். திரும்பி வந்த மறுநாள் காலையில் காபியோடு ஹாலுக்குள் நுழைந்தவள், ஈஸி சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த புருஷனின் தலைக்கு மேல் வாசல் வளைவு போல நின்ற ஒன்றில் ணங்கென்று முட்டிக்கொண்டாள். காரிலிருக்கும் ரோல் பாரின் இடது தோளிலிருந்து ஒரு கிளை பிரிந்து, போர்டிகோவைத் தாண்டி, ஜன்னல் கம்பிகளுக்குள் அடக்கமாகப் புகுந்து, சுவரில் ஒரு கீறல் இல்லாமல் வளைந்து வந்து அவரைக் கவிந்து நின்றது.

“குப்புராஜ் அளவெடுத்த லட்சணம்” என்றாள். “கார் அளவுக்கு வளைக்கச் சொன்னா வீட்டு அளவுக்கு வளைச்சிருக்கான்.”

குப்புராஜ் வந்து டேப்பு வைத்து அளந்து பார்த்தான். “அளவெல்லாம் சரிதானுங்க. நல்ல பைப்பு, அதான் வளருது” என்றான், நல்ல பைப்பாக இருந்தால் வளரத்தானே செய்யும் என்பதைப் போல. தேவசிகாமணி குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு, துரு ஏறாமல் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் போகிற இடமெல்லாம் குழாய் போனது. சாப்பிட உட்கார்ந்தால் சாப்பாட்டு மேஜைக்கு மேல் வளைந்தது, குளிக்கப் போனால் குளியலறை வெண்டிலேட்டர் வழியாக எட்டி வந்து சோப்பு வழுக்கினால் பிடித்துக்கொள்ளத் தோதாக நின்றது, மில் கேண்டீனுக்குப் பேசப் போனால் வீதியோடு கூடவே நீண்டு போய்க் காத்திருந்து கூடவே திரும்பியது, படுத்தால் கட்டிலுக்கு மேல் கவிந்தது. கட்டிலில் அவர் படுக்கிற பக்கம் மட்டும். நடுவில் வந்ததும் யாரோ கோடு கிழித்து வைத்தாற்போல நின்றுவிட்டது. ஜமுனா கையை நீட்டி அந்த முனையைத் தொட்டாள், வெதுவெதுவென்று இருந்தது, தன் பக்கம் ஒரு விரற்கடையாவது நகருகிறதா என்று பார்த்தாள், நகரவில்லை.

பொறாமை என்றால் அது இன்ன இடத்தில் வலிக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷனைக் கல்லும் முள்ளும் படாமல் வைத்திருந்தது அவள். சர்க்கரை மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்தது அவள், மார்கழிப் பனியில் மப்ளரோடு வாசல்வரை துரத்தியது அவள், ஊறுகாய் ஜாடியை ஒளித்து வைத்தது அவள், ஹெல்மெட் இல்லாமல் ஸ்கூட்டரை எடுத்தால் சாவியைப் பிடுங்கியது அவள். அவர் உயிரோடு இருப்பது அவள் பார்த்த உத்தியோகம். இப்போது அந்த உத்தியோகத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது, அதுவும் திட்டாமல் பார்க்கிற ஆள்.

அதோடு நின்றிருந்தால் எப்படியோ பொறுத்துப் போயிருப்பாள். குழாய் அடுத்ததாகப் பால்காரரின் சைக்கிளுக்கு மேல் ஒரு கிளை விட்டது, குப்புராஜின் பட்டறைக்குள் ஒன்றை அனுப்பியது, மளிகைக்கடைக்காரர் மேல் ஒன்று, மாடிவீட்டுப் பெரியவர் மேல் ஒன்று, அந்த வீட்டு நாய்க்குக்கூடக் குட்டையாக ஒன்று. ஓசூரிலிருந்து மகள் மிருதுளா போன் செய்தாள். “அம்மா, பால்கனி வழியா ஒரு பைப்பு வந்து என் டேபிளுக்கு மேல நிக்குது. அப்பா பைப்பா?”

“வேற யாரு அனுப்புவா.”

“நல்லாத்தான் இருக்கும்மா. பையை மாட்டிக்கறேன்.”

சேலம் ரோட்டின் ஓரமாகவே அவ்வளவு தூரமும் போயிருந்தது குழாய். லாரிக்காரர்கள் அதில் துண்டு உலர்த்தினார்கள், டோல்கேட்டில் ஓரமாக ஒரு சந்து ஒதுக்கிவிட்டார்கள், தொப்பூர் மலையில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தன. மில் வீதியிலோ ஒரு மாதம் தாண்டுவதற்குள் குழாயில்லாத காலம் எப்படி இருந்தது என்பதே யாருக்கும் சரியாக நினைவில்லை. அதில் புடலங்கொடி ஏற்றினார்கள், துவைத்த வேட்டி காயப்போட்டார்கள், ஆயுத பூஜைக்கு அவரவர் தலைக்கு மேலிருந்த பாகத்தை அவரவர் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டார்கள், மார்கழிக் கோலத்துக்கு அதிலிருந்தே பல்பு தொங்கவிட்டார்கள். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்கள் தண்ணீர் வருமா என்று கேட்ட கையோடு பைப்பு வருமா என்றும் கேட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் அவள் தலைக்கு மேலே பார்த்தார்கள். இன்சூரன்ஸ் ஏஜெண்டு ஒருவர் வீதி முனையில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனார். ஹெரால்டு கோத்தகிரிக்கும் போய்விட்டு வந்தது, குழாய் அத்தனையும் தளர்ந்து நீண்டு மலையேறி மறுபடி சுருங்கி இறங்கியது, சங்கத்தில் தேவசிகாமணிக்கு மாலை போட்டார்கள்.

ஹேமலதா டீச்சருக்கு வந்த குழாய்தான் ஜமுனாவின் கண்ணில் விழுந்த துரும்பு. மற்றவர்களுக்கெல்லாம் இரும்பு இரும்பாக வந்தது, அவளுக்கு மட்டும் பளபளவென்று, நெளிவுசுளிவாக, முனையில் ஒரு சுருள் வைத்து வந்திருந்தது. அவள் ஸ்கூலுக்குக் கிளம்பினால் கூடவே குடைக்காரன் மாதிரி போனது.

“அதென்ன டீச்சருக்கு மட்டும் டிசைன்?” என்று ஜமுனா புருஷனுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“எனக்கென்ன தெரியும். அது பாட்டுக்கு வளருது.”

“உங்க காருலதான வளருது.”

“அதுக்கு நான் என்ன பண்ணோணும்ங்கற?”

“ரசம் ஊத்தட்டுமா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் மோரை ஊற்றினாள்.

வீதியில் தலைக்கு மேல் குழாயில்லாமல் நடமாடியது தெருவுக்குப் புதிதாக வந்த தபால்காரரும் ஜமுனாவும்தான். தபால்காரருக்காவது வேறு வீதியில் வீடு. குழாய்க்காரர் சம்சாரத்துக்கே குழாயில்லை என்றால் என்ன அர்த்தம் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காமல் கேட்பதில் மில் வீதியை மிஞ்ச ஆளில்லை. கீரை விற்கிற ருக்குமணி மட்டும் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு, “உங்களுக்கு எந்தப் பக்கமா வந்திருக்குதுங்க அம்மா?” என்று கேட்டாள். அவள் சுமைக்கு மேலேயும் சின்னதாக ஒன்று நின்றிருந்தது.

“எனக்கு பெட்ரூம்ல இருக்குது” என்றாள் ஜமுனா, கான்வென்ட்டில் படித்த முதுகோடு. “வெளிய கொண்டுட்டுத் திரியறது எனக்குப் புடிக்காது.”

பொய் சொன்ன பிறகு அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியிருந்தது. பெட்ரூம் ஜன்னலுக்குத் திரை போட்டாள். விருந்தாளி வந்தால் அந்தக் கதவைச் சாத்தினாள். என்ன நிறம் என்று கேட்டவர்களிடம் சந்தன நிறம் என்றாள். புருஷனிடம் வாய்விட்டுக் கேட்பதற்கு மட்டும் நாக்கு வரவில்லை, ஏனென்றால் கேட்டு வாங்கினால் அதுவும் அந்தப் பின்சீட்டு மாதிரிக் கழித்துப் போட்டதாகத்தான் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை காலையில் ஜமுனாவும் ஹேமலதா டீச்சரும் ருக்குமணியிடம் முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டு மாடிவீட்டுச் சுவரோரமாக நின்றிருந்தார்கள். மேலே கைப்பிடிச் சுவரில் பூனை ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒரு கற்றாழைத் தொட்டி. பூனை உடம்பை முறித்தது. தொட்டி இறங்கியது. டீச்சரின் குழாய் அவசரமில்லாமல் ஒரு முழம் நகர்ந்து தொட்டியைத் தோளில் வாங்கி, மெல்லச் சரித்து, பத்திரமாக அந்தப் பக்கம் தள்ளியது. அந்தப் பக்கத்தில் ஜமுனாவின் வலது கால் இருந்தது.

எல்லாருடைய பார்வையும் முதலில் அவள் காலுக்குப் போய், பிறகு மெதுவாக அவள் தலைக்கு மேலே போய், அங்கே வெறும் ஆகாசத்தைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கியது.

“பெட்ரூம்ல இருக்குதுன்னீங்களே” என்றாள் ருக்குமணி. “அங்கயே இருந்திருக்கலாமுங்க.”

டீச்சர்தான் கைத்தாங்கலாகத் தன் வீட்டுக்குள் கூட்டிப்போய், மஞ்சள் பத்துப்போட்டு, பெருவிரலுக்குத் துணி சுற்றினாள். ஜமுனாவுக்கு அந்தக் கை மேலே பட்டதே எரிந்தது. அதைவிட, அந்தக் கை பதமாகச் சுற்றியது இன்னும் எரிந்தது.

“அக்கா, நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“தப்பா எடுத்துக்கறதா வேண்டாமான்னு கேட்டுட்டுச் சொல்றேன்.”

“காருக்கு அந்த பைப்பு மாட்டின அன்னிக்கி நீங்க உடுமலைக்குப் போயிருந்தீங்க. அண்ணன் காரக் கொண்டுபோயி பிள்ளையார் கோயில்ல பூசை போட்டாரு. நானும் சாமி கும்பிட வந்திருந்தேன். குருக்கள் அர்ச்சனை யார் பேருக்குன்னு கேட்டாரு. அண்ணனுக்குச் சந்தோஷம், வாயில வந்தவங்க பேரெல்லாம் சொன்னாரு. பேரும் நட்சத்திரமும்.”

“உன் நட்சத்திரம் அவருக்கு எப்படித் தெரியும்?”

டீச்சர் சிரித்தாள், சந்தோஷமில்லாத சிரிப்பு. “கேட்டை நட்சத்திரத்தால எனக்குக் கல்யாணம் தட்டிப்போன கதை இந்த வீதியில நாய்க்குக்கூடத் தெரியுமுங்க அக்கா.”

குப்புராஜ் மகம் என்று அவனே மூச்சுக்கு மூச்சு சொல்லுவான். பால்காரர் தன் கஷ்டமெல்லாம் பரணியால் என்பார். நாய் திருவாதிரையன்று வீட்டுக்கு வந்தது. ஹெரால்டு கூடச் சுவாதி. வாங்கின தேதியைப் பஞ்சாங்கத்தில் பார்த்துக் கண்டுபிடித்து வைத்திருந்தார் தேவசிகாமணி. யார் பேரும் நட்சத்திரமும் குருக்கள் காதில் விழுந்ததோ அவர்கள் தலைக்கு மேல்தான் குழாய் என்று எல்லாம் ஜமுனாவுக்கு வரிசையாகப் புரிந்தது.

“என் பேரச் சொல்லலியா?”

“சொன்னாருங்க. மொதல்லயே சொன்னாரு. குருக்கள் நட்சத்திரம் கேட்டாரு.” டீச்சர் துணியின் முடிச்சை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள். “‘வீட்டுல கேட்டுச் சொல்றேன்’னாரு.”

ஜமுனா துணி சுற்றின காலைத் தரையில் ஊன்றிப் பார்த்தாள். இத்தனை வருஷமும் கோயிலில் அர்ச்சனைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது அவள். அவர் பேர், மகள் பேர், மாமனார் மாமியார், நாத்தனார் குடும்பம் என்று எல்லார் நட்சத்திரத்தையும் ஒப்பித்துவிட்டுக் கடைசியாகத் தன்னுடையதை மெதுவாகச் சொல்லுவாள். அந்த நேரத்துக்கு அவர் செருப்பு இருக்கிறதா என்று பார்க்க வெளியே போயிருப்பார்.

விஷயம் ஓசூருக்குப் போய்ச் சேர்ந்து மிருதுளா போன் செய்தாள். “நீயே போயி குருக்கள்கிட்டச் சொல்லிரும்மா. ரெண்டு நிமிஷ வேலை.”

“எனக்குச் சொல்லத் தெரியாதாக்கும்” என்றாள் ஜமுனா. “நானே சொல்லிக்கிட்டா அது எனக்கு நானே மாட்டிக்கற பைப்பு. அதுக்குக் குப்புராஜ்கிட்டப் போனா அவனே வளைச்சுக் குடுப்பான்.”

அன்று சாயங்காலமே நொண்டிக்கொண்டு கிளம்பினாள். “ஏனுங்க, சட்டையப் போடுங்க. கோயிலுக்குப் போகோணும்.” என்ன ஏது என்று கேட்க வாயைத் திறந்த தேவசிகாமணி, சுற்றியிருந்த காலைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அவருடைய போனை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். வாசலுக்கு வந்ததும் பின்னால் டீச்சர், பால்காரர், குப்புராஜ், ருக்குமணி, மாடிவீட்டுப் பெரியவர், அவர் நாய் என்று ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள், அத்தனை பேர் தலைக்கு மேலேயும் குழாய்கள் சாமி புறப்பாட்டுக் குடைகள் போல வளைந்து வளைந்து வந்தன, முன்னால் ஜமுனா மட்டும் சாய்ந்த வெயில் முழுவதையும் தன் ஒரு தலையில் வாங்கிக்கொண்டு நடந்தாள்.

குருக்கள் தட்டை வாங்கினார். “அர்ச்சனை யார் பேருக்கு?”

ஜமுனா வாயைத் திறக்கவில்லை. அவள் திறக்கவில்லை என்பது புரிய எல்லாருக்கும் சற்று நேரம் பிடித்தது.

“என் சம்சாரம் பேருக்குங்க” என்றார் தேவசிகாமணி. “ஜமுனா.”

மண்டபத்துக்கு வெளியே தரையில் கிடந்த குழாயில் ஒரு கணு புடைத்தது. அதிலிருந்து கொடி நுனி மாதிரி ஒரு கிளை எழும்பி, தூணைச் சுற்றி, அவள் நெற்றியை நோக்கி வந்து, பாதித் தூரத்தில் நின்றது.

“கோத்திரம்?”

“சிவ கோத்திரமுங்க.”

“நட்சத்திரம்?”

அவருடைய கண் பழக்கத்தில் அவள் வாயைத் தேடி வந்தது. அது மூடியிருந்தது. கை சட்டைப்பைக்குப் போனது, பை காலியாக இருந்தது. திரும்பி டீச்சரைப் பார்த்தார், டீச்சர் பிள்ளையாரைப் பார்த்தாள். குப்புராஜ், வாழ்நாளில் முதல் தடவையாக, பேசாமல் நின்றான்.

“கோத்திரம் தெரியலேன்னாதான் சிவ கோத்திரம்னு போட்டுக்கலாம்” என்றார் குருக்கள். “நட்சத்திரத்துக்கு அப்படி ஒண்ணும் கிடையாதே. தெரியலேன்னா சுவாமி பேருக்கே பண்ணிடறேன். அதுவும் விசேஷம்தான்.”

“சாமிக்கு வேற ஆளு இருக்குதுங்க” என்றாள் ஜமுனா. “இது எனக்கு.”

தேவசிகாமணியின் தலைக்கு மேலிருந்த குழாய், விழுகிற எதையும் தாங்கத் தயாராக, இன்னும் கொஞ்சம் தாழ்ந்து வந்து நின்றது. ஆனால் அவர்மேல் ஒன்றும் விழவில்லை. அவர் உதடு அசைந்தது. ஏதோ ஒன்றைச் சொல்லிப் பார்க்கிற மாதிரியும், சொல்லாமலே அதை அழித்துவிட்டு அடுத்ததற்குப் போகிற மாதிரியும் அசைந்தது. பாதி வந்த கிளையின் முனை அவர் உதட்டையும் அவள் உச்சியையும் மாறி மாறிப் பார்ப்பதுபோல ஆடியது.

தட்டில் குருக்கள் ஏற்றின கற்பூரம் பாதிக்கு மேல் கரைந்திருந்தது.

“யாரும் எடுத்துக் குடுக்க வேண்டாம்” என்றாள் ஜமுனா, மற்றவர்களைத் திரும்பிப் பார்க்காமலே. பிறகு, அத்தனை வருஷமும் தன்னுடையதைச் சொல்லும்போது பேசிய அந்த மெதுவான குரலில், “நீங்களே சொல்லுங்க” என்றாள்.